வெள்ளிக்கிழமை வால்வுச் சத்தம்

டக் டக் டக் என்று வீட்டை ஒட்டிய கார் ஷெட்டிலிருந்து சத்தம் வந்தபோது ஜுஹைனா அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. அவளையும் அவள் புருஷனையும் தவிர வேறு யாரும் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்ததில்லை. தன் தலைமுடியில் அந்நியன் ஒருவன் கை வைத்ததுபோல் உடம்பு கூசியது.

செங்கோட்டையிலிருந்து வண்டி பார்க்க வந்த சுஹைப்தான் சாவியைத் திருப்பியிருந்தான். பிடித்திருந்தால் இன்றே ஓட்டிக்கொண்டு போய்விடுவான். சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சேக் மைதீன் அப்படித்தான் பேசி முடித்திருந்தான். பெண்டாட்டியிடம் கேட்கவில்லை, சொன்னான், அவ்வளவுதான்.

பால்வெள்ளை அம்பாசிடர் அது. கல்யாணமான புதிதில், சாரல் விழும் நாளொன்றில், அதில்தான் அவளைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போனான். அருவியின் இரைச்சல் எட்டும் தூரத்தில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமல், "இந்த டக் டக் கேக்குல்லா? இது மட்டும் குறையக் கூடாது" என்றான். புதுப்பெண்ணிடம் பேசுகிற பேச்சா என்று அவள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பிறகுதான் புரிந்தது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த பழைய இன்ஜின் அது. வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தை. இப்போதைய பெட்ரோலில் அது இல்லை. வால்வு அடித்து அடித்துத் தன் இருக்கைக்குள் மெல்லப் புதையும், டக் டக் எழுவதற்குக் காரணமாக மேலே விட்டிருக்கும் இடைவெளி அடைபடும், சத்தம் குறையும். வண்டி சாந்தமாகிவிட்டது என்று நாம் மகிழும்போது, உள்ளே வால்வு சரியாக மூடமுடியாமல் கருகிக்கொண்டிருக்கும்.

அவன் விமானம் ஏறிய பிறகு அந்த டக் டக்தான் அவர்களுடைய தாம்பத்தியம். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்து கூப்பிடுவான். அவள் இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து போனை நீட்டுவாள். இருவரும் பேசமாட்டார்கள். கடைசியில், "ம், நல்லா இருக்கு" என்பான். வண்டியா, நானா என்று அவள் கேட்டதேயில்லை.

அந்த ஒரு வார்த்தைக்காக, பெட்ரோல் போடும்போதெல்லாம் ஈயத்துக்குப் பதிலான மருந்தை டேங்கில் அளந்து ஊற்றினாள். பெட்ரோலில் எத்தனால் கூடியபோது, இளகிப்போன ரப்பர் குழாய்களை மாற்றினாள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்குமாம். சாரல் காலத்தில் பெட்ரோலைத் தேங்க விடாமல், கொஞ்சமாகப் போட்டு, அதைத் தீர்ப்பதற்கென்றே தனியாகக் குற்றாலம் வரை ஓட்டுவாள். மலையிலிருந்து இறங்கிய மேகம் ரோட்டில் கூடவே நடந்துவரும். பக்கத்து இருக்கையில் அவன் இருப்பான். திரும்பிப் பார்த்தால்தான் இருக்கமாட்டான். அதனால் திரும்பமாட்டாள்.

சில வாரங்களாக அந்த வார்த்தை வரவில்லை. "சத்தமே இல்லையேட்டி. வால்வு புதைஞ்சு போச்சு, நீ மறைக்குத. அது கண்ணுமுன்னால சாவ வேண்டாம், நல்ல கைக்குக் குடுத்திருவோம்" என்றான். அவளுக்குக் கேட்கத்தான் செய்தது. பழகிப்போன தன் காதுதான் ஏமாற்றுகிறதோ என்று பயந்தாள்.

டீயோடு ஷெட்டுக்கு வந்தாள்.

"லாத்தா, வால்வு மூடியக் கழத்திப் பாத்துட்டுதான் ஸ்டார்ட் பண்ணேன். கேப்பெல்லாம் அளந்து வச்ச மாதிரி இருக்கு. இதைப் போயி கம்ப்ளெய்ன்ட்டுன்னாரே அண்ணன்?" என்றான் சுஹைப்.

அந்த நேரம் வழக்கமான வெள்ளிக்கிழமை போன் அடித்தது. பழக்கத்தில் அவள் ஸ்பீக்கரைப் போட்டு பானெட்டுக்குள் நீட்டினாள்.

"கேக்கா மச்சான்?"

"எங்கட்டி கேக்கு? நான்தான் சொன்னேன்லா."

சுஹைப் சிரித்துவிட்டான். "என்ன அண்ணே, நான் காதைப் பொத்திக்கிட்டுல்லா நிக்குதேன்!"

ஜுஹைனா சுஹைபைப் பார்த்தாள், பானெட்டைப் பார்த்தாள். போனை வாயருகே கொண்டுவந்தாள்.

"மச்சான், இன்னைக்குப் பாங்கு கேட்டீங்களா?"

"ஆங்?"

"பாங்கு! தொழுகைக்குக் கூப்பிடுதது காதுல விழுந்துச்சா?"



"எல்லாரும் எந்திரிச்சுப் போவாங்கல்லா. அதைப் பாத்து நானும் போறேன்." பிறகு குரல் இறங்கியது. "கம்ப்ரசர் பக்கத்துலயே நிக்குத வேலை, அந்த இரைச்சல்ல காது மந்தமாயிட்டு. உன் குரல் கேக்கு. அது போதும்னு இருந்துட்டேன்."

புதைந்துகொண்டிருந்தது வண்டி இல்லை. இத்தனை வெள்ளிக்கிழமைகளாக அவள் தவறான இன்ஜினுக்காகப் பயந்திருக்கிறாள்.

"வண்டியக் குடுக்கமாட்டேன்" என்று கத்தினாள். "வந்து பானெட்டுல கை வச்சுப் பாருங்க. காதுல விழாட்டி கையில தெரியும்!"

"வேலைய விட்டுட்டா?"

"விட்டுட்டுத்தான்."

 "வாரேன்" என்றான். அழைப்பு அறுந்தது.

சுஹைப் கையைத் துணியில் துடைத்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். "வண்டிதான் இல்லேன்னு ஆயிட்டு. அந்த டீயாவது உண்டா லாத்தா?"

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான். "அண்ணன் வந்தா சொல்லுங்க. விலை பேச இல்ல, சும்மா அவரைப் பாத்துட்டுப் போவ வாரேன்" என்று சாரலுக்குள் இறங்கி நடந்தான்.

இன்ஜினை அணைக்க மறந்து அவள் ஷெட் கதவைச் சாத்தினாள். உள்ளே, டக் டக் டக்.