தடித்த எழுத்தில் இருந்த வாக்கியம்

அக்கா படித்தது எட்டாம் வகுப்பு. தையற்கடையில் துணி வெட்டுபவள். கத்தரி வைப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் முன்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று சாக்கட்டியால் எழுதிவிடுவாள். ஒருவர் சட்டைக்கு இன்னொருவர் கை ஏறியதாக அந்தக் கடையில் பேச்சே கிடையாது.

தம்பி மேற்படிப்புக்கு நுழைவுத்தேர்வு எழுதப்போகிறவன். அதில் ஒரு வகைக் கேள்வி வரும். ஒரு பத்தி, அதில் ஒரு வாக்கியம் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். அந்த வாக்கியம் அங்கே என்ன வேலை செய்கிறது? காரணமா, முடிவா, எதிராளியின் பேச்சா? தம்பிக்குத் தண்ணி காட்டிய அந்தக் கேள்விகளை அக்கா துணித்துண்டு மாதிரி பிரித்து வைத்தாள். மூன்று மாதம் சாப்பாட்டு மேசையில் அவன் வாசித்தான், அவள் சொன்னாள். பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் கண்ணாடி வந்தாள். தம்பியோடு சேர்ந்து படிக்க ஞாயிறுதோறும் வரும் பயிற்சி வகுப்புத் தோழி. மூக்கின்மேல் இருந்ததை வைத்து அக்கா சூட்டிய பெயர் அது.

ஒரு ஞாயிறு தம்பி வாசித்தான்: "சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்கிறார்கள். ஆனால் பக்கத்து ஊரில் அகலப்படுத்திய மறுவருடமே வண்டிகள் பெருகின. எனவே அகலப்படுத்தினால் மட்டும் போதாது." முதல் வாக்கியம் தடித்த எழுத்தில் இருந்தது.

"அடிச்சுப் போடறதுக்காக நிக்க வச்ச ஆளு," என்றாள் அக்கா.

"ஆசிரியர் மறுக்கிற கருத்து," என்றாள் கண்ணாடி.

"அடடா, என்ன தெளிவா சொல்றே!" என்று தம்பி கண்ணாடியிடம் திரும்பினான்.

இரண்டும் ஒன்றுதானே! அக்காவுக்கு வயிறு எரிந்தது. அதற்குப்பின் கேள்விகளெல்லாம் கண்ணாடிக்கே போயின. அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற வேலை மிஞ்சியது. இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு தம்பியிடம் வெடித்தாள்.

"அந்தப் பொண்ணு வந்தா அரட்டைதான் நடக்குது. போன மாதிரித் தேர்வுல உனக்கு நாலு மார்க் குறைஞ்சுது. அதனால அவ இனிமே வர வேண்டாம்!"

தம்பி கோபப்படவில்லை. அவள் சொன்ன மூன்று வாக்கியங்களையும் ஒரு தாளில் எழுதிப் பென்சிலை நீட்டினான். "எது என்ன வேலை செய்யுதுன்னு நீயே குறி."

வேறு யாராவது என்றால் தாளைக் கசக்கி எறிந்திருப்பார்கள். அக்காவுக்குத் தப்பாகக் குறிக்கக் கை வராது. முதல் இரண்டுக்கும் 'காரணம்' என்று எழுதப்போனவள் நின்றாள். கண்ணாடி ஒரு நாளும் அரட்டை அடித்ததில்லை. அந்த நாலு மார்க்கும் அவள் வருவதற்கு முந்தைய வாரமே குறைந்தது.

"கடைசி முடிவுதான். மேல ரெண்டும் காரணம் இல்லடா. முடிவு பண்ணிட்டு அப்புறமா தேடிப் பிடிச்சது."

"அப்ப காரணம் எங்க?"

"தாள்ல இல்ல."

"எழுதேன்."

எழுதினாள்: 'அவ வந்ததுல இருந்து நீ என்னைக் கேக்கறதே இல்ல.'

அதைப் படித்ததும் தம்பிக்குக் காது சிவந்தது. "இது நெஜமான காரணம்தான். ஆனா இதுல இருந்து அவ வரக்கூடாதுன்னு முடிவு வராதுக்கா. நான் உன்னைக் கேக்கணும்னுதான் வரும்."

சரியான விடைதான். அதற்காக எரிச்சல் அடங்கிவிடுமா என்ன? அடுத்த ஞாயிறு கண்ணாடி வந்து தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் பையை வைத்தாள். அக்கா அந்தப் பையைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்துவிட்டு, தம்பிக்குப் பக்கத்தில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

"ம், மொதல் கேள்விய வாசி!"