நாவல் சத்தும் நீலத் திராவகமும்

இந்த ஆடியில் ஒரு நாள் என் தங்கை எஸ்தர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, அவிய மறுபடியும் பலாப்பழம் திங்காவ. கேட்டா, எல்லாம் மருந்து பாத்துக்கிடும்ங்காவ."

'அவிய' என்றால் அவள் கணவர் ஞானமுத்து. கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. நீரிழிவுக்காரர். பாதத்தில் வந்த புண் மாசக்கணக்காக ஆறவில்லை. இதேபோல் புண் வந்த எங்கள் தெருக்காரர் ஒருவரைப் போன வருஷம்தான் அடக்கம் செய்தோம்.

அப்படிப்பட்டவருக்கு எங்கேயிருந்து வந்தது இந்தத் தைரியம்?

ஏரலிலிருந்து வந்தது — பாட்டிலில். அங்கே நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி நாவல் பழத்தைப் பிழிந்து காய்ச்சி, 'நாவல் சத்து' என்று விற்கிறார். குடித்தால் நீரிழிவு ஓடிவிடுமாம். ஆழ்வார்திருநகரியிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்து வாங்குகிறார்கள்.

பாளையங்கோட்டை டிஸ்பென்சரியில் இருக்கும் லேயாள் டாக்டரம்மாவிடம் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்து ஒதுக்கிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை.

"நாவலுக்குக் குணம் உண்டுன்னு சீமை டாக்டர்மாரே சொல்லுதாவ. ஆனா இந்த பாட்டில யாரு சோதிச்சா? செஞ்சவரை வரச் சொல்லுங்க. அவரு முன்னாலயே பாப்போம்."

அண்ணாச்சி வந்தார். துளிப் பயமில்லை... தன் மருந்தை மனசார நம்புகிறவர்.

கெடுதல் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டுமே? டாக்டரம்மா தானே சில நாள் குடித்தார். மயக்கமில்லை, வாந்தியில்லை. "வயிறு மட்டும் கட்டுது" என்றார், கூச்சப்படாமல்.

அடுத்து ஞானமுத்து. சத்தும் குடித்து, இஷ்டம்போல் சாப்பிட்டும் வந்த மனுஷர். அவருடைய சிறுநீரை டாக்டரம்மா கண்ணாடிக் குழாயில் நீலத் திராவகத்தோடு சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். சர்க்கரை இல்லையென்றால் நீலம் மாறாது. இதுவோ, செங்கல் நிறமாகிவிட்டது.

அண்ணாச்சி விடவில்லை.

"அவரு உடம்பு அப்படி. மருந்து என்ன செய்யும்? வேணும்னா மருந்தையே காய்ச்சிப் பாருங்க தாயி!"

பார்த்தார். சூடு ஏறியதும் சிவந்தது — முன்னதைவிட அதிகமாக.

"பழத்துல கொஞ்சம் இனிப்பு இருக்கும்தான். ஆனா இம்புட்டா? வேற என்ன சேக்குதிய அண்ணாச்சி?"

"துவர்க்குதுன்னு எல்லாரும் திருப்பிக் குடுத்தாவ... அதான் கருப்பட்டி சேத்தேன். உடன்குடிக் கருப்பட்டி தாயி, கலப்படமே கிடையாது!"

யாரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீரிழிவுல படுத்த படுக்கையா கெடக்குத எங்க அக்கா மவளுக்கும் இதத்தானே குடுத்துக்கிட்டிருக்கேன்..."

மறுநாளே அக்கா மகளை வண்டியில் வைத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிவந்தார். கடையிலிருந்த பாட்டிலையெல்லாம் கொட்டினார். வாங்கினவர்கள் வீட்டுக்கே போய், குடிக்காதீர்கள் என்றார். சிலர் ஏசினார்கள், கேட்டுக்கொண்டார்.

பிறகு கருப்பட்டி இல்லாமல் காய்ச்சிக் கொண்டுவந்தார். டாக்டரம்மா அவசரப்படவில்லை. முதலில் ஞானமுத்துவுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் — சோறு கொஞ்சம், மீன், கீரை, மோர். எஸ்தர் அடுப்படியில் போலீஸ்காரி மாதிரி நின்றாள். சர்க்கரை குறையக் குறைய, செங்கல் நிறம் பையப் பைய மாறி லேசான பச்சைக்கு வந்தது. அதற்குப் பிறகு, கட்டுப்பாட்டோடு புதுச் சத்தையும் குடிக்கச் சொன்னார். நிறத்தில் மாற்றமே இல்லை... அதே பச்சை.

"கெடுதல் தெரியல அண்ணாச்சி. நல்லது செய்யுதான்னும் தெரியல. ஒரு ஆள வச்சு அடிச்சுச் சொல்லவும் கூடாது."

"அப்ப பாட்டில்ல என்னன்னு எழுத?"

"நீரிழிவுன்னு மட்டும் எழுதாதிய."

அண்ணாச்சி எழுதவில்லை. அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் அக்கா மகள் எழுந்து நடமாடுகிறாள்.

ஞானமுத்துவின் புண்ணும் ஆறிவிட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்த மருந்தில் குணமாச்சு?

"ஏரல் நாவல் சத்துதான்!" என்றார் கம்பீரமாக.

பக்கத்தில் நின்ற எஸ்தர் கேட்டாள்: "அப்ப சோத்துப் பானைக்கு நான் காவல் கிடந்தது எதுக்காம்?"