நீலம் கூடிய கடல்

அச்சுக்கூடத்து அக்கா என்றாலே ஓவியர்களுக்குப் பயம். கடற்கரை ஓவியங்களை, வீட்டுச் சுவரில் மாட்டும் பிரதிகளாக அச்சிட்டுக் கொடுப்பது அவள் தொழில். இடது கண்ணை இடுக்கி, வலது கண்ணால் ஒரே பார்வை பார்த்து, "சிவப்பு ஒரு இழை தூக்கல்" என்பாள். முப்பது வருடமாக அந்தக் கண்தான் சோறு போட்டது. நிறம் அளக்கும் மீட்டரை வாங்கிய அன்றே இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டாள்.

ஓவியர்களில் அவளுக்குக் கொஞ்சமும் ஆகாதவன் சொந்தத் தம்பி. அவன் வரையும் கடல்கள்தான் அதிகம் விற்றன. அது வேறு எரிச்சல். அன்று மூன்றாவது மாதிரித் தாளையும் மேசைமேல் விட்டெறிந்தான்.

"அக்கா, நான் வரைஞ்சது மழைக்கு முந்தின கடல். சாம்பல் நிறம். நீ என்ன, துணிக்குப் போடற நீலத்தைக் கொட்டி வச்சிருக்கே?"

"வரையத் தெரிஞ்சா போதுமா? பாக்கத் தெரியணும்டா."

"உனக்குத்தான் பாக்கத் தெரியல. அக்காவுக்குக் கண்ணு போச்சுன்னு நாலு பேர்கிட்ட சொல்றேன், இரு."

"தாராளமா சொல்லு. வாசல் அங்க இருக்கு."

வாய்தான் அப்படிச் சொன்னது. அந்தப் பேச்சு வெளியே போனால் ஒரு ஓவியரும் படியேற மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அவனோ போகாமல் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டான். தேநீர் வேண்டுமா என்று அவள் ஒப்புக்குக்கூடக் கேட்கவில்லை.

வீம்புக்கு நான்காவது தாளை எடுத்தாள். அச்சிடும் முன் தூரிகையால் தாளைத் தட்டித் தூசி போக்குவது வழக்கம். ஆத்திரத்தில் ஓங்கித் தட்டியதில் தூசி வலது கண்ணில் பறந்து விழுந்தது. அதைக் கசக்கிக்கொண்டே இடது கண்ணால் மேசையைப் பார்த்தாள்.

மூன்று மாதிரிகளும் நீலம். கண்ணைப் பறிக்கும் நீலம். சுவரில் சாய்ந்திருந்த ஓவியமோ வெறும் சாம்பல்.

இடது கண்ணை மூடி, வலது கண்ணைத் திறந்தாள். எல்லாவற்றின்மேலும் பழைய எண்ணெய் பூசியதுபோல் மஞ்சள் படர்ந்தது. ஓவியத்தோடு ஒப்பிடாமலே, தாள் மஞ்சளடிக்கிறதே என்று அவள்தான் மாதிரிக்கு மாதிரி நீலத்தை ஏற்றியிருந்தாள். கண் போனதைவிட, தம்பி சொன்னது சரி என்பதுதான் அதிகம் கசந்தது.

வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, நீலத்தைப் படிப்படியாக இறக்கினாள். நான்காவது மாதிரி வெளியே வந்தது. தம்பி அதை ஜன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தான். பிறகு பென்சிலை எடுத்து, ஓரத்தில் சம்மதக் கையெழுத்தைப் போட்டான்.

"இதைத்தானே முதல்லயே சொன்னேன்? ஆமா, எதுக்கு ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டே நிக்கறே?"

"உன் மூஞ்சிய முழுசாப் பாக்கச் சகிக்கலடா. பாதியே போதும்."

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். படியில் காலடி ஓய்ந்த பிறகுதான் கையை எடுத்தாள். பிறகு இழுப்பறைச் சாவியைத் தேட ஆரம்பித்தாள்.