அண்ணன் பிடுங்கிய மைக்

போன தேர்தலில் என் கேள்விக்கு ஊரே சிரித்தது. அதைக்கூட மறந்துவிடுவேன். என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியது என் சொந்த அண்ணன். அதைத்தான் மறக்க முடியவில்லை.

கோலாலம்பூருக்குப் பக்கத்தில், சிறிய செயற்கைக்கோள் ஒன்றைச் செய்யும் திட்டத்தில் எட்டு வருடம் பொறியாளராக இருந்தேன். ஆட்சி மாறியது. நிதியை நிறுத்தினார்கள். பாதி முடிந்த செயற்கைக்கோளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிறேன்.

அண்ணன் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது தாமான் என்னும் குடியிருப்பாகிவிட்ட இடத்தில் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை மாலை டத்தோ பட்டம் வாங்கிய அவருடைய வேட்பாளரின் செராமா, தேர்தல் பிரச்சாரக் கூட்டம். கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன்.

"டத்தோ, விண்வெளி ஆராய்ச்சிக்கு உங்க கட்சியோட கொள்கை என்ன? ஜெயிச்சா நிதி ஒதுக்கச் சொல்லிக் கேப்பீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மொதல்ல நம்ம புள்ளைங்களுக்கு ஸ்கூல் பஸ் ஒழுங்கா வரட்டும்மா. அப்புறம் எல்லாரும் ராக்கெட்ல போலாம்லா!"

மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார்.

"நான் ராக்கெட் கேக்கல டத்தோ. பாகான் டத்தோ ஊர்ல கடல் தண்ணி ஏறி தென்னந்தோப்பு மூழ்குனா, எது வரைக்கும் ஏறுச்சுன்னு பாக்க அடுத்த நாட்டுக்காரன் சாட்டிலைட்ல எடுத்த படத்துக்குக் கை ஏந்துறோம். ஹுத்தான் மெலிந்தாங்ல கடலுக்குப் போறவங்க…"

மைக் என் கையில் இல்லை. அண்ணன் அதை அடுத்த ஆளிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் கோயில் கொட்டகைக்குக் கூரை கேட்டார். டத்தோ அந்த இடத்திலேயே தருவதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணன் கத்தினார். "என் மானத்த வாங்கிட்டியேலா! இங்க உள்ள சனத்துக்கு என்ன வேணும்னு எங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப நான் யாருண்ணே? நான் இந்த சனமில்லையா?"

அவர் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார். கூரை, அரிசிப் பொட்டலம், சுடுகாட்டு வேலி. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் இவற்றைத்தான் கேட்க வேண்டும் என்று எவனோ எழுதிவைத்திருக்கிறான். அதற்கு மேல் கேட்டால் கேலி.

அன்றிரவே எதிர்க்கட்சி வேட்பாளருக்கும் என் கேள்வியை எழுதி அனுப்பினேன். அவர் ஒரு மலாய் வழக்கறிஞர், என் வயதுப் பெண். மூன்றாம் நாள் அவரே அழைத்தார். ஈப்போவில் ஒரு காப்பிக் கடையில் சந்தித்தோம்.

"எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததை மேடையில் பேசமாட்டேன்," என்றார் மலாயில். பிறகு நோட்டைத் திறந்தார். "ஆஸ்பத்திரியில் கட்டில் பற்றாதபோது இதற்கு எதற்குப் பணம்? முதலில் அதைச் சொல்லுங்கள்."

எனக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு மணி நேரம் பேசினேன். நான் சொன்னதில் பாதியை அவர் ஏற்கவில்லை. அதையும் முகத்துக்கு நேரே சொன்னார்.

கடைசிக் கூட்டத்தில் அவர் ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசினார். பாதியில் நிறுத்திய திட்டங்களுக்கு யார் பொறுப்பு என்று நாடாளுமன்றத்தில் கேட்பேன் என்றார். யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த அக்கா, "அப்ப அந்தச் சாமான் இன்னும் பெட்டிக்குள்ளேயேவா கெடக்கு?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். "அநியாயம்லா," என்றார்.

அந்த வழக்கறிஞர் தோற்றார். டத்தோ ஜெயித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் வெற்றி விருந்து பிரியாணி. "கோவத்த விடு. டத்தோகிட்ட சொல்லி உனக்கு வேற நல்ல வேலையா பாப்போம்," என்றார்.

"நான் வேலை கேட்டேனாண்ணே? எட்டு வருசம் அங்க இருந்தேன். என்ன செஞ்சேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

அண்ணன் பிரியாணிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, சொல்லு," என்றார்.

சொல்லவில்லை. அன்று அந்த மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சொல்லத்தான் எழுந்து நின்றேன்.