இரண்டு பல் தள்ளி

மாமாவுக்கு வேன் பெண்கள் வைத்த பெயர் ராக்கெட். தையல் ஆலைக்குப் போகும் பதினான்கு பெண்களை இருபத்திரண்டு வருடம் ஏற்றி இறக்கியவர். ஆலைச் சங்கு ஊதிய பிறகு அவர் வண்டி வாசலுக்கு வந்ததாக ஒருநாள்கூடக் கிடையாது. அக்காவைக் கட்டியவர் என்பதால் எனக்கு மாமா.

பட்டறைக்கு வண்டியை விடுவது அவருக்குப் பிடிக்காது. வீட்டு முற்றத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே அவரே படுத்துவிடுவார். பக்கத்தில் முக்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் எது, பதினாலு எது என்று பார்க்காமலே எடுத்துக் கொடுப்பாள். பேச்சும் கொடுப்பாள், அதை நிறுத்தத்தான் ஸ்பேனர் கிடையாது என்பார் மாமா.

அவளுக்கென்று ஒரு தனி வேலை இருந்தது. என்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புத் தண்டு ஒன்று வண்டிக்கடியில் ஓடும். அதன் இரு முனையிலும் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு மூட்டு; பட்டறையில் அதற்கு ‘கிராஸ்’ என்று பெயர். தண்டு ஒரே துண்டல்ல. ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு துண்டு, செருகுமிடமெல்லாம் பல். எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் இருந்ததோ அதே பள்ளத்தில்தான் திரும்பவும் உட்கார வேண்டும். மாறினால், வேகமெடுத்ததும் வண்டி உதறும். அதனால் கழற்றுவதற்கு முன்பே அக்கா தன் நகப்பூச்சைக் கொண்டுவந்து இந்தத் துண்டில் ஒன்று, அந்தத் துண்டில் ஒன்று என நேருக்கு நேராக இரண்டு சிவப்புப் பொட்டு வைத்துவிடுவாள்.

“என் விரலுக்கு வெச்சத விட உங்க வண்டிக்கு வெச்சதுதான் ஜாஸ்தி” என்பாள்.

புற்றுநோய் அவள் முதுகெலும்புக்குள் போய்விட்டது என்று தெரிந்த பிறகு மருத்துவமனையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை. சனிக்கிழமை நாலு மணிக்குள் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். கட்டில் லேசாக இடித்தாலே துடித்துப்போகிற நிலை. ஆனாலும் ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றாள்.

“அதுல கூரையத்தான் பாத்துட்டு வரணும். நம்ம வண்டியில ஜன்னல் இருக்கு.”

“ஒரு குலுங்கல் இல்லாம கொண்டுபோறேன்” என்று மாமா வாக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் பின்பக்க கிராஸ் டக் டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. பட்டறைக்காரர் செவ்வாய்க்கிழமைதான் முடியும் என்றார். மாமா புது கிராஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை காலை வீடியோவில் என்னைக் கூப்பிட்டு, போனை டயரில் சாய்த்து வைத்தார்.

“மாப்ள, அங்கேர்ந்தே லைட்டப் பிடிக்க முடியாதாக்கும்?”

“முடிஞ்சா பிடிக்க மாட்டேனா மாமா?”

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு என்னால் ஆனது, கணினியில் ஆங்கிலக் கையேடு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டதுதான். முதல் வரியே ‘பிரிப்பதற்கு முன் குறியிடுக’ என்று இருந்தது. ராக்கெட்டுக்கே நான் வண்டி சொல்லித் தருவதா என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் அவர் தண்டை இறக்கி, இரண்டாகப் பிரித்துவிட்டிருந்தார்.

பழைய கிராஸை வைஸ் இடுக்கியில் வைத்து அடித்து வெளியே எடுத்தார். புதியதற்கு நாலு கிண்ணம். ஒவ்வொன்றின் உள்சுவரிலும் ஊசி ஊசியாக இரும்பு உருளைகள் கிரீஸில் ஒட்டி நிற்கும். நாலாவது கிண்ணம் முழுசாக இறங்க மறுத்தது. அடித்துப் பார்த்தார். கிண்ணம் வெளியே வராமல் பிடிக்கிற பூட்டுக் கம்பி தன் பள்ளத்தில் விழவில்லை.

“ஒரு ஊசி படுத்துக்கிச்சு, சனியன்” என்றார்.

திரும்பக் கழற்றி, சாய்ந்த ஊசியை நிமிர்த்தி, மறுபடி ஏற்றி முடிப்பதற்குள் மணி இரண்டரை. மருத்துவமனை ஒரு மணி நேரத் தூரம். இரண்டு துண்டையும் கண்ணளவில் செருகி, போல்ட்டை முடுக்கி, கிரீஸ் கையோடு கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு நடந்தது மாமா சொல்லித் தெரிந்தது. போகும்போது தெரிந்த ஆட்டத்தை, காலி வண்டி, மோசமான ரோடு என்று விட்டிருக்கிறார். இருக்கைகளைக் கழற்றிய இடத்தில் மெத்தை போட்டு அவளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஊரைத் தாண்டி வேகம் நாற்பதைத் தொட்டதும் வண்டி உதறியது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

“ஏங்க, குறி வெக்கல இல்ல?”

“வெக்கிற ஆளுதான் வீட்ல இல்லியே.”

அவள் சிரித்துவிட்டாள். “சிரிக்க வெக்காதீங்க. அதுக்கும் வலிக்குது.”

இருபதுக்கு மேல் அவர் போகவில்லை. அப்போதும் லேசான அதிர்வு ஓயவில்லை. பின்னால் பஸ்கள் ஹாரனடித்துத் திட்டிக்கொண்டே தாண்டின. “சைக்கிள்காரன் முந்திட்டான், ராக்கெட்டு” என்றாளாம் ஒரு தடவை. ஒரு மணி நேரப் பாதை மூன்று மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் கம்பியை விடவில்லை. இறக்கும்போது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் ஒன்பது நாள் இருந்தாள்.

அவள் போன அடுத்த வாரம் ஆலையிலிருந்து, வேன் எப்போது வரும் என்று கேட்டார்கள். மாமா மறுபடி தண்டை இறக்கினார். போன் பழையபடி டயரில். செருகுமிடத்தில் கெட்டிப்பட்டிருந்த கிரீஸைத் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன மாமா?”

பதிலுக்குத் தண்டைப் போன் பக்கம் தூக்கிக் காட்டினார். ஆறு வருடம் முன்பு, கடைசியாகக் கழற்றியபோது அக்கா வைத்த பொட்டு. இந்தத் துண்டில் ஒன்று, அந்தத் துண்டில் ஒன்று. நேருக்கு நேராக இல்லை. இரண்டு பல் தள்ளி இருந்தன.

“உள்ளதான் இருந்திருக்கு மாப்ள. ஒரு துணி போட்டுத் தொடச்சிருந்தா போதும்.”

கையேட்டில் நான் பார்த்ததை அப்போதுதான் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. துண்டுகளைப் பிரித்து, பொட்டுக்குப் பொட்டு நேராக வைத்துச் செருகினார். அரைமணி நேரம் கழித்து, சாலையோரம் நிறுத்திக் கூப்பிட்டார்.

“அறுபது வரைக்கும் போனேன். ஆடவே இல்ல.”

அவருக்குப் பின்னால் அந்த மெத்தை இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தது.

“ஆடவே இல்ல மாப்ள” என்றார் இன்னொரு தடவை.