ஆதம்பாவா எடுத்த பிட்

ஆதம்பாவா மௌத்தாகிவிட்டான்.

விடியக்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வாப்பாவின் உயிர் போய்விட்டதென்று அவனுடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள். எனக்கு இன்னும் கை ஓடவில்லை... எதையாவது எழுதினால்தான் எழும்ப முடியும் போலிருக்கிறது.

இங்கே பலருக்கு அவனைத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் நானும் அவனும் ஒரே மேசையில் வேலை செய்தோம். ஒரே வயது. ஒரே சம்பளம். கைதான் வேறு.

சோல்டரிங் அயனின் நுனியில் மாட்டுகிற துண்டை நாங்கள் 'பிட்' என்போம். ஈயத்தை உருக்குவது அதுதான். தேய்ந்தால் புதுசு வாங்க வேண்டும். சாமான் கடைக்காரர் எதை எடுத்துத் தருகிறாரோ அதை வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நான்.

அவன் அப்படியில்லை. முழுப் பெட்டியையும் கேட்டு வாங்கி, கவுண்டரில் பேப்பர் விரித்துக் கொட்டுவான். உடைந்த ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத் துண்டு ஒன்று அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும்.

உள்ளே செம்பு, வெளியே இரும்புப் பூச்சு... நல்ல பிட் என்றால் அதுதான். பூச்சு எவ்வளவு தடிப்பு என்பதைக் காந்தம் இழுக்கிற இழுவையிலேயே சொல்லிவிடுவான். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் உருட்டுவான், கோணலா என்று. கடைசியில் நகத்தால் தடவுவான், எங்கேயாவது வெடிப்பு இருக்கிறதா என்று.

"தம்பி, பொண்ணு பாக்க வந்தீங்களா, பிட் வாங்க வந்தீங்களா?" என்று சாமான் கடை முதலாளி கேட்பார்.

"பொண்ணுண்டா ஒருக்காப் பாத்தாப் போதும் முதலாளி."

ஒரு பெட்டியில் இரண்டு தேறினால் பெரிய விஷயம். அந்த இரண்டும் மாதக்கணக்கில் ஓடும். நான் வாங்கியது மூன்றாம் நாளே கறுத்துப்போய் ஈயம் பிடிக்காது. இது என்ன கண்ணடா என்று அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவன் அப்படித் தேடியெடுத்த ஒரு ஊசி பிட்டைத்தான் நான் நாசமாக்கினேன்.

நோன்பு மாதம். அன்று காலையில் அவன் ஒரு வேலையாக அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தான். புது பிட் அவனுடைய அயனில் இருந்தது.

பூச்சு பிட் கடைகளுக்கு வந்து கொஞ்சக் காலம்தான்; எங்கள் எல்லாருக்கும் பழக்கம் பழைய வெறும் செம்பு பிட்தான். காலையில் அதை அரத்தால் அராவி மினுக்கிவிட்டுத்தான் வேலை தொடங்குவோம். அவனுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று இதையும் நன்றாக அராவி வைத்தேன். பூச்சு முழுக்கப் போய்விட்டது... அது எனக்கு அப்போது விளங்கவேயில்லை.

மத்தியானம் லுஹருக்குப் பிறகு, பள்ளிவாசல் அம்ப்ளிஃபயரை, பாங்கு சொல்லுகிற மோதினார் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"மஹ்ரிபுக்கு முந்தித் தந்திருங்க மனே. பாங்கு கேக்காட்டி கடக்கரப் பக்கத்துச் சனம் நோம்பு தொறக்காம பாத்துக்கிட்டிரிக்கும்."

நான் பெரிய ஆள் மாதிரி ஓம் என்றேன்.

ஒரு ட்ரான்ஸிஸ்டர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பூச்சுப் போன ஊசி முனையை ஈயமே தின்று குழி விழுந்துவிட்டது, ஈயம் நுனியில் நிற்கவில்லை. நான் இன்னும் அழுத்தினேன்... போர்ட்டில் இருந்த செம்புக் கோடு மூன்று இடத்தில் கிளம்பி வந்துவிட்டது.

பள்ளிச் சாமான். மோதினார் வாங்குப் பலகையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அயனை ஸ்டாண்டில் வைத்துவிட்டேன்.

பின்னேரம் அஸர் நேரத்துக்கு ஆதம்பாவா வந்தான். மேசையில் கிடந்த செம்புத் தூளைப் பார்த்தான்.

"ராவினயா?"

"ஓம்."

"அதுட தோல உரிச்சிட்டாய் மச்சான்."

ஏசவில்லை. கடையில் வேறு ஊசி பிட் இல்லை, தடித்தது ஒன்றுதான் இருந்தது. எர்த் வயரில் ஒரு செம்புக் கம்பியை வெட்டி, அந்தத் தடித்த பிட்டில் இறுக்கிச் சுற்றினான். நுனியை வெளியே நீட்டிக் கூராக்கி ஈயம் பூசினான். இதெல்லாம் ஐந்து நிமிஷம்.

ஈயத்தோடு உருகுகிற ரோசின் புகை தொண்டைக்குள் போனால் நோன்புக்குக் கூடாது என்று லேஞ்சியால் மூக்கைக் கட்டிக்கொண்டான். நுனி ஆறிவிடாமல் ஃபேனை நிறுத்தச் சொன்னான்.

புது ட்ரான்ஸிஸ்டரை மாட்டி, கிளம்பிய கோடுகளுக்குப் பதிலாகத் தலைமயிர் மாதிரிக் கம்பி வைத்தான். தொட்டான், எடுத்தான். தொட்டான், எடுத்தான்... புகை மேலே வரும் முன்னே ஈயம் பிடித்திருந்தது. அப்படி ஒரு கையை நான் அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கு ஓடினோம். நாங்கள் வயர் கொழுவும்போது சனம் கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது.

மோதினார் மைக்கைப் பிடித்தார். அல்லாஹு அக்பர்... எவ்வளவு தெளிவு. கடற்கரை வரைக்கும் போயிருக்கும். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

எல்லாரும் நோன்பு திறந்தார்கள். அவன் மட்டும் அம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துக்கொண்டு, சூடு ஏறுகிறதா என்று பார்த்தபடி நின்றான். ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து நான்தான் அவன் வாயில் வைத்தேன்.

"மச்சான், என்னப் பொறுத்துக்க..."

"கதைக்காத. சத்தத்தக் கேளு."

இன்று அஸருக்குப் பிறகு ஜனாஸா நல்லடக்கம்.

அல்லாஹ் உன்னைப் பொருந்திக்கொள்ளட்டும், மச்சான்.