காப்பித் தராசில் ஏறிய அமலி

வாழவந்தி மலைக் கிராமத்து மனுவேலின் மகள் அமலி சென்னைக்கு வேலைக்குப் போனது 1979 ஜூன் மாதம். பெரம்பூரில் ஒரு சட்டைக் கம்பெனியில் தையல் வேலை. மனுவேலுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அவருடைய தம்பி ஸ்தனிஸ்லாஸ் முன்பு அதே சென்னைக்குப் போய், ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாமல் அரை வயிற்றோடு கிடந்து, குச்சியாகத் திரும்பி வந்தவர்.

அதனால் புறப்படும் அன்று மகளை எஸ்டேட் கிடங்குக்கு அழைத்து வந்து, காப்பி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார். அப்போது அங்கே எடைக் கணக்கு எழுதும் ரைட்டர் நான்தான். நாற்பத்தொரு கிலோ இருந்தாள்.

“எழுதிக்கங்க ரைட்டரய்யா. கிறிஸ்துமஸுக்கு வர்றப்ப ஒரு கிலோ கொறஞ்சிருந்தாலும் வேலையை உட்டுப்போட்டு ஊட்டுக்கு வந்தரணும்” என்றார்.

“சரிங்கப்பா” என்றாள் அமலி.

சென்னையில் விடுதிச் சாப்பாட்டில் சம்பளத்தில் பாதி போனது, பசி போகவில்லை. இரண்டாம் மாதமே, உடன் தைக்கும் சரஸ்வதி, ஜெயகுமாரி இருவரோடும் சேர்ந்து ஓர் அறை பிடித்தாள். காலையில், ஊரிலிருந்து கொண்டுபோன கேழ்வரகு மாவில் கூழ். மாலையில், கடை கட்டும் நேரம் பார்த்து மார்க்கெட். மலையில் பீட்ரூட், முள்ளங்கி பிடுங்கினால் முதலில் தழையைத்தான் சமைப்போம். அங்கே அதை ஒடித்து மாட்டுக்குப் போடுகிறார்கள். அமலி போய்க் கேட்டாள்.

“ஊட்ல மாடு கீதாம்மா?” என்றார் கடைக்காரர்.

“மூணு இருக்குதுங்க. மூணும் தையல் மிஷின் முன்னால உக்காந்திருக்குது.”

அவர் சிரித்துவிட்டு, தழையோடு அடிபட்ட தக்காளி நாலையும் சேர்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு நாள் தழைப் பொரியல், ஒரு நாள் பருப்புப் போட்டுக் கடைசல். சம்பளம் வந்த வாரம் மத்தி மீன் குழம்பு. மத்தி விலை குறைவு, முள் அதிகம். மலைக்காரிக்கு முள் எடுத்துத் தின்னச் சரஸ்வதிதான் பழக்கினாள்.

டிசம்பர் 23 காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். தாய் அற்புதம் கொடுத்த இட்லியைத் தின்றதும், மனுவேல் அவளை நேரே கிடங்குக்குக் கூட்டி வந்தார். வழியெல்லாம் அவள் தழைக் கதையையும் மாட்டுக் கதையையும் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் முகம் இளகவில்லை.

தராசு நாற்பத்து மூன்றரை காட்டியது.

மனுவேல் காப்பிப் பழம் நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் கழிவு போட்டுப் பழகியவர். விடுவாரா?

“ஸ்வெட்டரைக் கழட்டு கண்ணு. ஜூன்ல இது இல்ல.”

கழற்றினாள். செருப்பையும் கழற்றச் சொன்னார். நாற்பத்திரண்டே முக்கால்.

“இப்பத் தின்ன இட்லி?”

“வர்றப்ப வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தனுங்கப்பா, அதை எதுல சேத்துவீங்க?”

மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மனுவேல் குனிந்து தராசு முள்ளை இன்னொரு முறை பார்த்தார். வெளியே போனார். திரும்பி வந்தபோது தோளில் ஒரு கேழ்வரகு மூட்டை இருந்தது. மகளை இறங்கச் சொல்லிவிட்டு அதைத் தராசில் வைத்தார்.

“இதை நிறுங்க ரைட்டரய்யா. மூணு மாட்டுக்கு ஜூன் வரைக்கும் பத்துமா?”

“பத்தாதுங்கப்பா” என்றாள் அமலி, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே. “அதுக நொம்ப நல்லாத் திங்குதுங்க.”